முதலில் செத்தது எலிதான்: பம்பாய் பிளேக், ஒரு நிகழ்வு ஆய்வு

1896ஆம் ஆண்டு, மழைக்காலம் முடியும் தறுவாய். பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் தானியக் கிடங்குகளுக்குள் எலிகள் செத்து விழத் தொடங்கின. மூட்டைகளுக்கு நடுவே கிடந்தன, படிக்கட்டுக்கு அடியில் கிடந்தன. மனிதரைக் கண்டால் ஓடி ஒளிகிற பிராணி, ஆள் நடமாட்டத்துக்கு நடுவே தள்ளாடி வந்து விழுந்தது. கிடங்குக்காரர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் பார்த்தார்கள். நாற்றம் தாங்காமல் கூட்டி அள்ளித் தெருவில் போட்டார்கள். அந்த எலிகளுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை. மனிதர்கள் சாக ஆரம்பித்த பிறகுதான் கணக்குப் புத்தகம் திறந்தது.

பம்பாய் பிளேக்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ராணுவச் சோதனை, கலவரம், தடுப்பூசி என்ற வழியில் போவார்கள். எல்லாம் முக்கியம்தான். ஆனால் இந்த நிகழ்வின் முடிச்சு செத்த எலியில் இருக்கிறது என்பது என் எண்ணம். எலி செத்ததற்கும் மனிதன் காய்ச்சலில் படுத்ததற்கும் நடுவே இருந்த சில நாட்களில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க, அதை ஊர் ஒப்புக்கொள்ள, பத்து வருடம் ஆனது. அந்தப் பத்து வருடத்தில் இந்தியாவில் செத்தவர்கள் லட்சக்கணக்கில்.

மாண்ட்வி எப்படிப்பட்ட இடம் என்று முதலில் பார்த்துவிடலாம். கீழ்த்தளத்தில் தானியக் கிடங்கு, அதற்கு மேலே மாடி மாடியாகக் குடித்தனங்கள். கப்பலில் வந்த மூட்டையும் ரயிலில் வந்த மூட்டையும் அங்கேதான் இறங்கும். எலிக்கு வேண்டியது தீனி, இருட்டு, ஒளிய ஒரு பொந்து. மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே கிடைத்தன. சுருக்கமாகச் சொன்னால் அந்தப் பேட்டையே ஒரு பெரிய பத்தாயம், அதற்குள்ளேயே மனிதர்களும் படுத்துத் தூங்கினார்கள். 1891 கணக்கெடுப்பில் பம்பாயின் மக்கள்தொகை 8,21,764. மில் வேலைக்கு வந்தவர்கள் சால் என்கிற வரிசை அறைகளில் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். பிளேக் 1894இல் ஹாங்காங்கைத் தாக்கியிருந்தது. அங்கிருந்து கப்பல் வழியே இங்கே வந்திருக்கும் என்பதுதான் பரவலான கருத்து.

செப்டம்பர் மாதம் மாண்ட்வியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் அகாசியோ வியேகாஸ், கடும் காய்ச்சலும் நெறிகட்டியும் வந்தவர்களைக் கண்டு இது பிளேக் என்று அடையாளம் சொன்னார். கோவாவைச் சேர்ந்தவர், நகராட்சி உறுப்பினரும்கூட. செப்டம்பர் 23ஆம் தேதி விஷயத்தை நகராட்சியில் வெளிப்படையாக எழுப்பினார். துறைமுக நகரில் பிளேக் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்வது அப்போது சாதாரணக் காரியம் இல்லை. சொன்ன மறுநாளே வியாபாரம் படுத்துவிடும், வெளிநாட்டுத் துறைமுகங்கள் கப்பல்களைத் திருப்பி அனுப்பும். தெரிந்தே சொன்னார். அந்த மனிதர் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

எலி செத்தால் ஆபத்து என்று அதற்கு முன்பு யாருக்குமே தெரியாதா? தெரியும். இமயமலையடியில் கடுவால், குமாவூன் கிராமங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க அவ்வப்போது மகாமாரி என்ற பெயரில் இதே நோய் வந்து போனது. அங்கே வீட்டில் எலி செத்து விழுந்தால் ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வெளியேறிவிடுவார்கள். அது ஆங்கில அதிகாரிகளின் அறிக்கைகளிலேயே பதிவாகியிருந்தது. ஹாங்காங்கில் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்த அலெக்சாந்தர் யெர்சினும் செத்த எலிகளின் உடம்பில் அதே கிருமி இருப்பதைப் பார்த்து எழுதியிருந்தார். ஆக, கிராமத்துப் பாட்டிக்கும் தெரிந்திருந்தது, ஆய்வுக்கூடத்துக்கும் தெரிந்திருந்தது. நடுவில் இருந்த நிர்வாகத்துக்குத்தான் அது காதில் ஏறவில்லை.

சாக்கடையைக் கழுவிய நகராட்சி

அன்றைய சுகாதாரத் துறையின் நம்பிக்கைப்படி நோய் அழுக்கிலிருந்து வந்தது. அழுகல், நாற்றம், ஈரம், கூட்ட நெரிசல், இவைதான் எதிரி. அதனால் சாக்கடைகளைக் கடல்நீராலும் கார்பாலிக் அமிலத்தாலும் கழுவினார்கள். வீட்டுக் கூரையில் ஓடுகளைப் பிரித்து வெயிலை உள்ளே விட்டார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். வாழத் தகுதியில்லை என்று முடிவான வீடுகளின் சுவரில் யு.எச்.எச். என்று எழுதிவைத்தார்கள். நோயாளியின் துணிமணியை எரித்தார்கள்.

உழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் எலியின் பக்கத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். சாக்கடைக்குள் மருந்துத் தண்ணீர் வெள்ளமாக வந்தால் எலி என்ன செய்யும்? மேலே ஏறி அடுத்த வீட்டுக்குப் போகும். ஓட்டைப் பிரித்தால் கூரை எலி பக்கத்துக் கூரைக்குத் தாவும். நோய் பிடித்த எலியும் அதன் ரோமத்தில் ஒட்டியிருந்ததும் சேர்ந்தே இடம் மாறின. நோயைத் துரத்துவதாக நினைத்துப் பரப்பிக்கொண்டிருந்தார்கள் என்று சந்தேகிக்க நல்ல காரணம் இருக்கிறது.

மனிதர்கள் மேல் எடுத்த நடவடிக்கை இன்னும் கடுமை. நோயாளிகளைக் கட்டாயமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் அதிகாரத்தை நகராட்சி அக்டோபரில் எடுத்துக்கொண்டது. அந்த மாதக் கடைசியிலேயே மில் தொழிலாளர்கள் திரண்டுபோய் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கினார்கள். 1897 பிப்ரவரி 4 அன்று கொள்ளைநோய்ச் சட்டம் நிறைவேறியது. அதே சட்டத்தைத்தான் 2020இல் கொரோனா ஊரடங்கின்போதும் எடுத்துப் பயன்படுத்தினோம். மார்ச்சில் பிரிகேடியர் ஜெனரல் கட்டாக்ரே தலைமையில் பிளேக் கமிட்டி வந்தது. வீடு வீடாகச் சோதனை, ரயில் நிலையத்தில் பெண்களின் அக்குளையும் தொடை இடுக்கையும் தடவிப் பார்ப்பது, நோய் வந்தவரின் குடும்பத்தையே முகாமுக்குக் கொண்டுபோவது என்று நடந்தது. புனேயில் இதன் உச்சமாக, 1897 ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். இந்தக் கதை பலமுறை எழுதப்பட்டது, இங்கே நீட்ட வேண்டாம். நம் ஆய்வுக்கு முக்கியம் இதுதான்: ஜனங்கள் நோயை மறைக்க ஆரம்பித்தார்கள். பிணத்தை இரவோடு இரவாக அப்புறப்படுத்தினார்கள். கிட்டத்தட்டப் பாதி நகரம் ஊரை விட்டு ஓடியது. ஓடியவர்களின் மூட்டை முடிச்சிலும் தானியச் சாக்கிலும் ஒளிந்து நோய் பயணம் செய்தது.

நடுவில் ஒரு வெளிச்சம், வால்டெமார் ஹாஃப்கின். ஒடெசாவில் பிறந்த யூதர், கல்கத்தாவில் காலராத் தடுப்பூசி வேலையில் இருந்தவரை பம்பாய்க்கு அழைத்தார்கள். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு அறையும் ஒரு தாழ்வாரமும் கொடுத்தார்கள். இறைச்சிச் சாற்றின் மேல் நெய்யை மிதக்கவிட்டு, அதிலிருந்து விழுதுபோல் தொங்கி வளரும் கிருமியைச் சூடுபடுத்திக் கொன்று தடுப்பூசி செய்தார். 1897 ஜனவரி 10 அன்று தன் உடம்பிலேயே குத்திக்கொண்டார், பின்னாளில் மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிட அதிகமான அளவில். பரேலில் அவர் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் இன்றைய ஹாஃப்கின் நிறுவனம். தடுப்பூசி உயிர்களைக் காப்பாற்றியது. நோய் எப்படிப் பரவுகிறது என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

கணுக்காலில் ஒரு கொப்புளம்

பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் சார்பில் யெர்சின் தன் சீரத்தை, அதாவது பிளேக்குக்கு எதிரான ஊசி மருந்தை, சோதிக்க பம்பாய் வந்திருந்தார். அவர் திரும்பியதும் 1897இல் அந்த இடத்துக்கு வந்தவர் பால் லூயி சைமண்ட் என்ற பிரெஞ்சு ராணுவ மருத்துவர். சைமண்ட் மற்றவர்கள் பார்க்காத இரண்டைப் பார்த்தார்.

ஒன்று, சில நோயாளிகளின் பாதத்திலும் கணுக்காலிலும் இருந்த பொடிக் கொப்புளம். பூச்சி கடித்த இடம்போல இருக்கும். அதைக் கீறி நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே பிளேக் கிருமி. அந்தக் கொப்புளம் எந்தக் காலில் இருக்கிறதோ அதே பக்கத்துத் தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கும். இன்னொன்று ஒரு கம்பளி ஆலையில் நடந்தது. காலையில் வேலைக்கு வந்தவர்கள் தரை முழுக்கச் செத்த எலிகள் கிடப்பதைப் பார்த்தார்கள். 20 கூலியாட்களை விட்டு அள்ளச் சொன்னார்கள். மூன்று நாளுக்குள் அந்த 20 பேரில் 10 பேருக்குப் பிளேக். ஆலையில் மற்ற யாருக்கும் வரவில்லை. ஆனால் செத்து நாளான எலியைத் தொட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் சைமண்ட் கவனித்தார். புதிதாய்ச் செத்த எலியில் இருந்து, பழைய பிணத்தில் இல்லாமல் போவது எது? சூடு. உடம்பில் சூடு இருக்கும்வரை அதில் தங்கி, ஆறியதும் இறங்கிவிடுவது எது? தெள்ளுப்பூச்சி.

1898 ஜூனில் கராச்சியில், தங்கியிருந்த ஓட்டலிலேயே சோதனையைச் செய்தார். பெரிய கண்ணாடிப் பாத்திரத்தில் மணலைப் போட்டு, பிளேக் வந்த வீட்டில் பிடித்த நோயாளி எலியைத் தெள்ளுகளோடு அதில் விட்டார். தெள்ளு போதாது என்று ஓட்டலில் திரிந்த பூனையிடமிருந்தும் கொஞ்சம் பிடித்துப் போட்டார். எலி சாகும் நிலைக்கு வந்ததும், ஆரோக்கியமான எலி ஒன்றைக் கம்பிவலைக் கூண்டில் வைத்து உள்ளே தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொட முடியாது. தெள்ளு மட்டும்தான் வலைக்குள் தாவிப் போக முடியும். நோயாளி எலி மறுநாள் செத்தது. கூண்டு எலி சில நாள் நன்றாகத் தின்றுகொண்டிருந்தது, பிறகு சுணங்கியது, அதுவும் செத்தது. அறுத்துப் பார்த்தபோது உள்ளே நெறியும் கிருமியும் இருந்தன. தெள்ளு இல்லாமல் அதே சோதனையைச் செய்தபோது ஒன்றும் பரவவில்லை. பிளேக் மனிதகுலத்தில் தோன்றிய நாள் முதல் இருந்த ரகசியத்தைத் திறந்துவிட்டோம் என்ற நினைப்பில் அன்று தனக்குச் சொல்லமுடியாத உணர்ச்சி பொங்கியதாகப் பின்னாளில் எழுதினார். படிக்கும்போது எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது.

அதே ஆண்டு சைமண்டின் கட்டுரை வெளியானது. அப்போது இந்தியாவில் விசாரணை நடத்திக்கொண்டிருந்த பிளேக் கமிஷன் அந்தக் கருத்தை ஒதுக்கித் தள்ளியது. மண்ணிலும் சாணம் மெழுகிய தரையிலும் கிருமி இருக்கிறது, செருப்பில்லாமல் நடப்பவர்களின் காலில் உள்ள கீறல் வழியாக ஏறுகிறது என்ற எண்ணம்தான் செல்வாக்காக இருந்தது. தரைக்கும் காலுக்கும் சம்பந்தம் உண்டு என்பதுவரை அது சரி. தரையிலிருந்து காலுக்கு ஏறியது தெள்ளு என்பதைத்தான் தவறவிட்டார்கள். பிளேக் வந்தவர்களில் பெரும்பாலானோருக்குத் தொடை இடுக்கில் நெறி கட்டியதற்குக் காரணம் இவ்வளவுதான்: தெள்ளு அதிக உயரம் தாவாது, முதலில் எட்டுவது காலை.

சாலுக்குள் விட்ட கினிப்பன்றிகள்

கேள்வியை மறுபடி கையில் எடுத்தவர் பம்பாயிலேயே வேலை பார்த்த டாக்டர் கிளென் லிஸ்டன். 1903 தொடங்கி அவர் செய்த காரியம் மிக எளிமையானது. எலி செத்து, ஜனங்கள் காலிசெய்துவிட்டுப் போன சால் அறைகளுக்குள் கினிப்பன்றிகளை அவிழ்த்துவிட்டார். பசியோடு தரையில் காத்திருந்த தெள்ளுகள் அவற்றின் மேல் ஏறின. பிடித்து எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் எலித்தெள்ளு, அவற்றின் வயிற்றில் பிளேக் கிருமி. கினிப்பன்றிகளும் பிளேக்கில் செத்தன. உயிருள்ள தெள்ளுப்பொறி என்று சொல்லலாம். மனிதர்களிடமும் தெள்ளு பிடித்துப் பார்த்தார். சாதாரண நாளில் மனிதர் மேல் எலித்தெள்ளு கிடைப்பது அபூர்வம். எலிகள் கூட்டமாகச் செத்த கட்டிடத்தில் மட்டும், மனிதர் மேல் இருந்தவற்றில் கிட்டத்தட்டப் பாதி எலித்தெள்ளு. வீட்டு எலி செத்துப் போனதால் வேறு வழியில்லாமல் மனிதனிடம் வந்த பூச்சிகள் அவை.

1905இல் லண்டன் லிஸ்டர் நிறுவனமும் ராயல் சொசைட்டியும் இந்திய அரசும் சேர்ந்து ஆய்வுக் குழு ஒன்றை அனுப்பின. லிஸ்டனும் அதில் சேர்ந்தார். பரேலில் சின்னச் சின்னக் குடில்கள் கட்டினார்கள். ஒன்றுக்கு நாட்டு ஓடு, ஒன்றுக்கு மங்களூர் ஓடு, ஒன்றுக்குத் தகரம் என்று கூரையை மாற்றி மாற்றி, எந்தக் கூரையில் எலி தங்குகிறது, அதிலிருந்து கீழே தெள்ளு விழுகிறதா என்று பார்த்தார்கள். நம் ஊர் ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதன் விடை சோதனை இல்லாமலே தெரியும். அப்புறம் கினிப்பன்றிக் கூண்டைத் தரையிலிருந்து 2 அங்குல உயரத்தில் தொங்கவிட்டார்கள், நோய் தொற்றியது. 2 அடி உயரத்தில் தொங்கவிட்டார்கள், தொற்றவில்லை. தெள்ளு சுமார் 4 அங்குலம்தான் தாவும். காற்றில் பரவும் நோயாக இருந்தால் 2 அங்குலமும் 2 அடியும் ஒன்றுதான். தரையில் பாய் விரித்துப் படுப்பவனுக்கும் கட்டிலில் படுப்பவனுக்கும் இருந்த வித்தியாசம் இந்தக் கூண்டில் தெரிந்துவிட்டது. பாயில் படுத்தவர்கள் யார் என்று பம்பாயில் கேட்கவே தேவையில்லை.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது குழு நகரத்தில் செய்த வேலை. எலிகளைத் தெருத் தெருவாகப் பொறுக்கி, எந்த வீட்டில், எந்த நாளில் கிடைத்தது என்று சீட்டுக் கட்டி, ஆய்வுக்கூடத்தில் அறுத்துப் பார்த்தார்கள். பம்பாயில் இரண்டு வகை எலிகள் இருந்தன. சாக்கடையிலும் கீழ்த்தளத்திலும் வாழும் பழுப்பு எலி. வீட்டுக்குள், கூரையில், அடுக்களையில் மனிதனோடு வாழும் கறுப்பு எலி. நோய் முதலில் பழுப்பு எலிகளிடம் ஏறியது. சுமார் 10 நாள் கழித்துக் கறுப்பு எலிகளிடம் ஏறியது. அதிலிருந்து இன்னும் 10 முதல் 14 நாளில் மனிதர்களிடம். சாக்கடையிலிருந்து கூரைக்கு, கூரையிலிருந்து பாய்க்கு. ஒவ்வொரு வருடமும் இதே வரிசைதான். குளிர்காலத்தில் தலைதூக்கி, மார்ச்சில் உச்சத்துக்கு ஏறி, கோடை முற்றியதும் அடங்கும்.

அதாவது முதல் எலி விழுந்த நாளிலிருந்து சுமார் மூன்று வாரம் அவகாசம் இருந்தது. 1896இல் மாண்ட்விக் கிடங்குக்காரர்கள் கூட்டித் தள்ளியது அந்த அவகாசத்தைத்தான். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வந்து கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

தெள்ளின் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை 1914இல் பேகாட், மார்ட்டின் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கிருமி தெள்ளின் இரைப்பைக்கு முன்னால் உள்ள வால்வில் பெருகிக் கட்டிபோல் அடைத்துக்கொள்கிறது. குடிக்கிற ரத்தம் உள்ளே போகாது. தெள்ளுக்குப் பசி தீராது, அதனால் திரும்பத் திரும்பக் கடிக்கும். ஒவ்வொரு கடியிலும் அடைப்பில் முட்டிய ரத்தம் கிருமியோடு திரும்பிக் கடிவாய்க்குள் வரும். தெள்ளும் கடைசியில் பட்டினியால் சாகிறது. எலி, தெள்ளு, மனிதன் மூன்றுக்கும் அது எமன்.

இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று கிடைத்தது. எலியை மட்டும் கொன்றால் தெள்ளு அனாதையாகி மனிதனிடம் வரும். தெள்ளுக்கு முதலில் மருந்து, எலிக்குப் பிறகுதான். இந்த வரிசை மாறினால் ஆபத்து கூடும். டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வருவதற்கு முன்னால் தெள்ளுக்கு நல்ல மருந்தே இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆண்ட்ரூ புக்கானன் என்ற மேஜர் அமராவதிப் பக்கம், வீட்டுக்கு வீடு பூனை வளர்த்தால் போதும் என்று வாதாடி மருத்துவ இதழ்களில் எழுதினார். எலி அண்டாத வீடு கட்டுவதுதான் நிரந்தர வழி என்று ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது. 1898இலேயே பம்பாயில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் தொடங்கப்பட்டிருந்தது. நெரிசலான பேட்டைகளை இடித்து அகலத் தெருக்கள் போட்டார்கள். வடக்கே தாதர், மாதுங்கா பக்கம் புதுக் குடியிருப்புகள் வகுத்தார்கள். பம்பாய்த் தமிழர்களின் மாதுங்கா, பிளேக் போட்ட வரைபடத்தில் பிறந்த ஊர். இடித்த வீடுகளில் இருந்த ஏழைகளில் பெரும்பாலானோர் அங்கே போகவில்லை, பக்கத்து நெரிசலில் இன்னும் நெருங்கினார்கள்.

நாடு கொடுத்த விலை பெரிது. 1907 ஒரே ஆண்டில் இந்தியாவில் 13 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள், அதில் பாதி பஞ்சாபில். மொத்தக் கணக்கு 1 கோடியைத் தாண்டியது.

சென்னை ஏன் தப்பியது

தமிழ் வாசகர்களுக்கு இயல்பாக ஒரு கேள்வி வரும். சென்னையும் துறைமுகம். அங்கேயும் கிடங்கு உண்டு, எலி உண்டு, குடிசை உண்டு. கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் எழும் அளவுக்கு நோய் ஆடியது. கம்பம் பள்ளத்தாக்கில் வருடக்கணக்கில் வேர்விட்டது. சென்னை நகரம் மட்டும் பெரிய அழிவு இல்லாமல் தப்பியது எப்படி?

விடையின் பெரும்பகுதி கொழும்பிலிருந்து வந்தது. அங்கே நகராட்சியின் நுண்ணுயிரியல் மருத்துவராக இருந்த ஃபேபியன் ஹர்ஸ்ட், எலித்தெள்ளுகளை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். பம்பாயின் தெள்ளு செனோப்சில்லா கியோபிஸ். கொழும்பிலும் சென்னையிலும் அதிகம் இருந்தது அதன் பங்காளி, செனோப்சில்லா ஆஸ்டியா. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், அதனால்தான் அதுவரை பிளேக் ஆய்வுகளில் அவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஆஸ்டியா பிளேக்கைப் பரப்புவதில் மட்டம். அதற்குப் பிறகு கிராக் என்ற மருத்துவர் இந்தியா முழுக்கத் தெள்ளு சேகரித்துப் பார்த்தார். பிளேக் கடுமையாக இருந்த இடங்களில் கியோபிஸ், லேசாக இருந்த இடங்களில் ஆஸ்டியா என்று வரைபடம் பெரும்பாலும் ஒத்துப்போனது. 1914இல் கொழும்புக்குப் பிளேக் வந்தபோதும் அது தானியக் கடைகள் நிறைந்த பகுதியைச் சுற்றியே நின்றது. கியோபிஸ் தெள்ளின் புழு தானியத் தூசில் நன்றாக வளரும். மூட்டையோடு வந்து, மூட்டை இருந்த இடத்திலேயே குடியேறியிருந்தது.

சென்னை சுத்தமாக இருந்ததால் தப்பவில்லை, யாரும் திறமையாக நிர்வகித்ததாலும் இல்லை. ஊர் எலிகளின் ரோமத்தில் எந்தப் பூச்சி என்பதுதான் அங்கே நிறையத் தீர்மானித்தது. கியோபிஸ் இன்று பல ஊர்களில் உண்டு. எலித் தெள்ளுக் காய்ச்சல் என்கிற டைபஸ் வகையையும், எலியின் நாடாப்புழுவையும் சுமப்பது அதே பூச்சிதான். குழந்தைகளுக்கு அந்த நாடாப்புழு வருவது, தானியத்திலோ தின்பண்டத்திலோ கிடந்த பூச்சியைத் தெரியாமல் விழுங்குவதால்.

எலி சாகாத நோய்

98 வருடம் கழித்து அதே மகாராஷ்டிரத்தில் எலிகள் மறுபடி விழுந்தன. 1993 செப்டம்பர் 30 நிலநடுக்கத்துக்குப் பிறகு லாத்தூர், உஸ்மானாபாத் பகுதியில் வீடுகள் இடிந்து, தானியம் இடிபாட்டுக்குள் கிடந்தது. பக்கத்து பீட் மாவட்டத்தின் மாம்லா கிராமத்தில் 1994 ஆகஸ்டில் எலி செத்தது, தெள்ளுத் தொல்லை என்று ஜனங்கள் புகார் சொன்னார்கள். அடுத்து வந்த வாரங்களில் நெறிகட்டிய காய்ச்சல். பரேல் குழு எழுதிவைத்த அதே வரிசை. செப்டம்பரில் சூரத்தில் நுரையீரல் பிளேக் வந்து, 50க்கு மேற்பட்டவர்கள் இறந்து, லட்சக்கணக்கானவர்கள் நகரை விட்டு ஓடினார்கள். டெட்ராசைக்ளின் மாத்திரை கடைகளில் தீர்ந்துபோனது. விமானங்கள் நின்றன. அந்தக் கதை தனியாக எழுத வேண்டியது.

பம்பாயில் இன்றும் மாநகராட்சி இரவு எலி பிடிப்பவர்களை வேலைக்கு வைத்திருக்கிறது. கையில் தடியும் டார்ச்சுமாக, ஓர் இரவுக்கு 30 எலி அவர்களுக்குக் கணக்கு. மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால், குப்பை மேட்டில், முதுகு உடையும் வேலை. அவர்களுக்குக் கிடைக்கும் மரியாதை, அவர்கள் தடுக்கும் நோய்க்கு ஈடாகாது.

ஆனால் இப்போது அந்த நகரத்தில் எலியால் வரும் பெரிய பயம் வேறு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. லட்சக்கணக்கானவர்கள் இடுப்பளவு தண்ணீரில் மணிக்கணக்காக நடந்து வீடு திரும்பினார்கள். ஒரு வாரம், இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரிகள் காய்ச்சல்காரர்களால் நிரம்பின. கண் சிவப்பு, கெண்டைக்கால் வலி, சிலருக்கு மஞ்சள் காமாலை, சிறுநீரகம் செயலிழப்பு, நுரையீரலில் ரத்தக் கசிவு. எலிக்காய்ச்சல், லெப்டோஸ்பைரோசிஸ். எலியின் சிறுநீரில் வெளியேறும் கிருமி தண்ணீரில் கலந்து, காலில் உள்ள வெடிப்பு, சிராய்ப்பு வழியாக ஏறுகிறது. 1897இல் பிளேக்குக்குச் சொல்லப்பட்ட வெறுங்கால் காரணம் இந்த நோய்க்குப் பொருந்துகிறது.

இங்கேதான் பம்பாய்ப் பாடத்தை அப்படியே எடுத்து வைத்தால் ஏமாந்துபோவோம். பிளேக்கில் எலி முன்னால் செத்துத் தகவல் கொடுத்தது. எலிக்காய்ச்சலில் எலி சாவதில்லை. கிருமி அதன் சிறுநீரகத்தில் குடியிருக்கும், எலி கொழுகொழுவென்று ஓடிக்கொண்டிருக்கும். செத்த எலியை எதிர்பார்த்துக் காத்திருந்தால் எதுவும் தெரியாது. இந்த நோய்க்கு மழைதான் அறிகுறி. வெள்ளத்தில் நடந்த நாளிலிருந்து பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல் வரும், சிலருக்கு ஒரு மாதம்வரை ஆகலாம். 2018 வெள்ளத்தில் கேரளம் இந்த இடைவெளியைச் சரியாகப் பயன்படுத்தியது. தண்ணீரில் இறங்கியவர்களுக்கும் மீட்புப் பணியாளர்களுக்கும் காய்ச்சல் வருவதற்கு முன்பே டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தார்கள். காய்ச்சல் வந்தவர்களுக்கும் தொடக்கத்திலேயே டாக்ஸிசைக்ளினோ பென்சிலினோ கிடைத்தால் நன்றாகக் கேட்கும். பிந்தினால் கை நழுவும்.

வெள்ளத்துக்குப் பிறகான காய்ச்சலோடு டாக்டரிடம் போகிறவர்கள் பெரும்பாலும் உடம்பு வலியைச் சொல்வார்கள், தலைவலியைச் சொல்வார்கள். பத்து நாளைக்கு முன்னால் தேங்கிய தண்ணீரில் நடந்ததைச் சொல்ல மறந்துவிடுவார்கள். அதை முதலில் சொல்லுங்கள். டாக்டராக இருந்தால் அதை முதலில் கேளுங்கள்.